ஜீன் ஸ்மித் நல்ல தலைவரா? 36 அணிகளும் ஒரு பவுல் ஆட்டமும்

கடைசிவரிசை:
ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநராக (அங்கே சுருக்கமாக ஏ.டி. என்பார்கள்) ஜீன் ஸ்மித் 2005 முதல் 2024 வரை இருந்தார். அவர் ஓய்வு பெற்ற ஆறேழு மாதத்தில், 2025 ஜனவரியில், அவர் நியமித்த பயிற்சியாளர் ரையன் டேயின் அணி ஃபுட்பாலில் (கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) தேசியப் பட்டம் வென்றது. அன்றிலிருந்து 'கல்லூரி விளையாட்டில் இவரைப் போல ஒரு ஏ.டி. வந்ததே இல்லை' என்று இந்த மன்றத்தில் பலரும் எழுதுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் 2011.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து வீரர்கள் தங்கள் பரிசுப் பொருள்களையும் சீருடைகளையும் கொடுத்துப் பணம் வாங்கினார்கள், பச்சை குத்திக்கொண்டார்கள். அப்போதைய விதிப்படி அது குற்றம். பயிற்சியாளர் ஜிம் ட்ரெஸ்ஸலுக்கு 2010 ஏப்ரலிலேயே இது குறித்து மின்னஞ்சல் வந்தும் மேலே சொல்லாமல் இருந்துவிட்டார். 2011 மே 30 அன்று பதவி விலகினார். சரி, அதுவரை ட்ரெஸ்ஸலின் தவறு. அதற்குப் பிறகு எடுத்த முடிவுகளுக்கு ஸ்மித்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு அணி ஆறு வெற்றி, ஆறு தோல்வி. நவம்பரில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ., 'கண்காணிக்கத் தவறியது' என்ற குற்றச்சாட்டையும் பல்கலைக்கழகத்தின் மேல் சேர்த்தது. அந்த நேரத்தில் 'இந்த ஆண்டு பவுல் ஆட்டத்துக்கு (பருவம் முடிந்த பிறகு அழைப்பின் பேரில் நடக்கும் கூடுதல் ஆட்டம்) நாங்களே போகவில்லை' என்று சொல்லி, வரக்கூடிய தடையை அந்த மோசமான ஆண்டிலேயே கழித்திருக்கலாம். மயாமி பல்கலைக்கழகம் தன் மேல் இருந்த வேறொரு விசாரணைக்காக அதே நவம்பரில் அதைத்தான் செய்தது. அவர்களும் 6-6தான். ஸ்மித் செய்யவில்லை. 2010இன் வெற்றிகளை விட்டுக்கொடுக்கிறோம், ஸ்காலர்ஷிப்பில் ஐந்தைக் குறைத்துக்கொள்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது: ஸ்காலர்ஷிப் ஒன்பது குறைப்பு, 2012இல் பவுல் ஆட்டம் கிடையாது. இரண்டு வாரம் கழித்து, எதற்கும் உதவாத கேட்டர் பவுலில் ஃப்ளோரிடாவிடம் 24-17 என்று தோற்றோம்.

அடுத்த ஆண்டு, புதிய பயிற்சியாளர் அர்பன் மையரின் அணி 12 ஆட்டங்களில் 12 வெற்றி. பட்டத்துக்கான ஆட்டத்தில் அலபாமா, நோட்ர டாமை 42-14 என்று அடித்ததை அந்தப் பையன்கள் டிவியில் பார்த்தார்கள். ஒரு தவறான கணிப்பு, ஒரு முழு அணியின் உழைப்பைத் தின்றுவிட்டது. இதைச் செய்தவரை மிகச் சிறந்தவர் என்று எப்படிச் சொல்வது?

தூரிகை:
நீங்கள் சொன்ன தேதிகளில் பிழை இல்லை. ஆனால் ஒரு ஏ.டி.யை ஃபுட்பால் அணியின் ஒரு பருவத்தை வைத்து எடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் பொறுப்பில் இருந்தது 36 அணிகள். ஃபுட்பால் அதில் ஒன்று.

என் மகள் வாள்வீச்சு வீராங்கனை. படித்தது வேறொரு பல்கலைக்கழகத்தில். 2020 கோடையில் ஒரு நாள் காலை அணியில் எல்லோருக்கும் ஜூம் இணைப்பு வந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுதிவைத்த தாளைப் பார்த்து ஒருவர் படித்தார், வாள்வீச்சு இனி இல்லை என்றார். மாணவர்களின் மைக்கை எல்லாம் முன்கூட்டியே அணைத்து வைத்திருந்தார்கள். அவள் கேட்க நினைத்த கேள்வியை என்னிடம்தான் கேட்டாள். வாள் பை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது, மறுநாள் பயிற்சிக்குத் தயாராக. அதை உள்ளே எடுத்து வைக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆனது.

அதே கோடையில் ஓஹையோ ஸ்டேட்டில் என்ன நடந்தது? ஆகஸ்ட் 11 அன்று, ஓஹையோ ஸ்டேட் ஆடும் பிக் டென் கூட்டமைப்பு அந்த இலையுதிர்ப் பருவத்தையே தள்ளிவைத்தது. செப்டம்பரில் முடிவை மாற்றினாலும், ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள் உள்ள மைதானம் காலியாகக் கிடந்தது. அந்த நிதியாண்டில் துறைக்கு 6 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை. அவர் ஓர் அணியைக்கூட மூடவில்லை. வாள்வீச்சு, பெண்கள் படகு, துப்பாக்கி சுடுதல், நீச்சல் நடனம் என்று டிக்கெட் விற்காத அத்தனையும் இருந்தன. நான் அவரை நல்ல தலைவர் என்பது அதனால்தான்.

கணக்கன்:
தூரிகை அம்மா, உங்கள் மகளுக்கு நடந்தது எந்தப் பிள்ளைக்கும் நடக்கக் கூடாது. ஆனால் ஸ்மித் அணிகளைக் காப்பாற்றியதை அவருடைய குணமாக மட்டும் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். அந்த ஊரில் ஃபுட்பால் சம்பாதிக்கிறது, மற்ற அணிகள் பெரும்பாலும் அதில்தான் வாழ்கின்றன. டிவி உரிமைப் பணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே இருந்தது. 2022இல் பிக் டென் போட்ட ஒப்பந்தமே ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல். ஓர் ஆண்டுப் பள்ளத்தைத் தாண்டினால் மறுபக்கம் மேடு இருக்கிறது என்று தெரிந்தவருக்குப் பொறுத்துக்கொள்வது எளிது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் 36ஐ வைத்திருப்பார்கள்.

தூரிகை:
இல்லை, வைத்திருக்க மாட்டார்கள். இதற்கு ஊகம் வேண்டாம், நடந்ததையே பார்க்கலாம்.

ஸ்டான்ஃபோர்டிலும் 36 அணிகள். நாட்டிலேயே பணக்காரப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. 2020 ஜூலையில் 11 அணிகளை மூடப்போவதாக அறிவித்தார்கள், வாள்வீச்சும் மல்யுத்தமும் அதில் அடக்கம். வீரர்களும் பழைய மாணவர்களும் வழக்கு வரை போன பிறகு, 2021 மே மாதம் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அயோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓஹையோ ஸ்டேட் இருக்கும் அதே பிக் டென், அதே டிவி ஒப்பந்தம். அவர்கள் நான்கு அணிகளை மூடினார்கள். பெண்கள் நீச்சல் அணி மட்டும் டைட்டில் ஒன்பது (கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம்) வழக்குக்குப் பிறகு திரும்பி வந்தது. மேடு வரப்போகிறது என்று அவர்களுக்கும்தானே தெரியும்?

கணக்கன்:
அயோவாவை நான் மறந்துவிட்டேன். அந்த ஒப்பீடு வலுவானது. யார் இருந்தாலும் வைத்திருப்பார்கள் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

நீலவானம்:
இந்த மனிதரின் பாதையைக் கொஞ்சம் பார்த்தால் இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று புரியும். க்ளீவ்லாண்டில் வளர்ந்தவர். நோட்ர டாமில் தற்காப்பு வரிசையில் ஆடினார், 1973இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தார். படிப்பு முடிந்ததும் அங்கேயே உதவிப் பயிற்சியாளர், 1977இல் மறுபடியும் பட்டம். அப்புறம் விளையாட்டை விட்டுவிட்டு ஐ.பி.எம்.இல் விற்பனை வேலை. 1983இல் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு நிர்வாகியாக வந்து, சில ஆண்டுகளில் அங்கேயே ஏ.டி. ஆனார். 1993இல் அயோவா ஸ்டேட், 2000இல் அரிசோனா ஸ்டேட், 2005இல் ஓஹையோ ஸ்டேட். அந்தப் பதவிக்கு அங்கே வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

ஈஸ்டர்ன் மிச்சிகனில் ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்கும் மைதானம் கிடையாது. சிறிய இடத்தில், ஒவ்வொரு டாலரையும் எண்ணிச் செலவழித்துக் கற்றவர் பெரிய இடத்துக்கு வந்தால் சிறிய அணிகளின் பெயர்கூட மறக்காது.

எனக்குப் பிடித்த உதாரணம் பெண்கள் ஐஸ் ஹாக்கி. 2016இல் நடீன் முசரால் பயிற்சியாளராக வந்தபோது அந்த அணியை யாரும் பொருட்படுத்தவில்லை. 2022இல் முதல் தேசியப் பட்டம், 2024இல் விஸ்கான்சினை 1-0 என்று வென்று இரண்டாவது. பெண்கள் படகு அணி 2013, 2014, 2015 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து பட்டம். ஆண்கள் வாலிபால் 2011, 2016, 2017. மல்யுத்தத்தில் 2015, அதுதான் பல்கலைக்கழகத்துக்கே முதல் முறை. இவையெல்லாம் ஃபுட்பால் பணத்தால் மட்டும் வராது. சரியான பயிற்சியாளரைப் பிடித்து, முதல் இரண்டு ஆண்டு தோற்றாலும் கைவிடாமல் இருக்க வேண்டும்.

கடைசிவரிசை:
ஹாக்கியை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். இரண்டு முறை நாட்டை வென்ற அந்தப் பெண்கள் எங்கே ஆடுகிறார்கள் தெரியுமா? 1960களில் கட்டிய, வளாகத்தில் உள்ள பழைய பனித்தள ரிங்கில். ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்கார முடியும். ஆண்கள் அணிக்கு ஷாட்டன்ஸ்டைன் அரங்கம், பதினேழாயிரத்துக்கு மேல் இருக்கைகள். பத்தொன்பது ஆண்டில் இதற்கு ஒரு வழி பிறக்கவில்லை.

மல்யுத்தத்தையும் சொன்னீர்கள். 2014 மார்ச்சில் லோகன் ஸ்டீபர் தன் மூன்றாவது தேசியப் பட்டத்தை வென்றார். அதற்காக ஸ்மித்துக்கு ஒப்பந்தப்படி 18,000 டாலருக்கு மேல் ஊக்கத்தொகை கிடைத்தது. பாயில் விழுந்து புரண்டவர் ஸ்டீபர். அந்த வெற்றிக்காகப் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு டாலர் கொடுத்திருந்தால் விதிமீறல்! பச்சை குத்திக்கொண்ட ஐந்து பேரை இதோடு சேர்த்துப் பாருங்கள். தங்கள் பொருளை விற்றதற்கு அவர்களுக்குத் தண்டனை, மாணவன் வென்றதற்கு அதிகாரிக்கு வெகுமதி.

நீலவானம்:
ரிங்க் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் சிறிய அணிகளுக்கு ஒன்றுமே கட்டவில்லை என்று ஆகிவிடக் கூடாது. 2019இல் திறந்த கவெல்லி மையம் மல்யுத்தம், வாலிபால், வாள்வீச்சு, ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகளுக்காகவே கட்டியது.

ஊக்கத்தொகையை அவர் தனக்கென்று தனியாக எழுதிக்கொள்ளவில்லை. அப்போது பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஏ.டி.க்களின் ஒப்பந்தம் அப்படித்தான் இருந்தது. 2019இல், வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாமா என்று ஆராய என்.சி.ஏ.ஏ. ஒரு குழு அமைத்தபோது, அதன் இரண்டு தலைவர்களில் ஒருவர் ஸ்மித். 2021 ஜூலை 1 முதல் அந்த உரிமை வந்தது.

தூரிகை:
ஊக்கத்தொகையில் கடைசிவரிசை சொல்வதுதான் எனக்கும் சரி என்று படுகிறது. எல்லோருடைய ஒப்பந்தத்திலும் இருந்தது என்பதால் அது நியாயமாகிவிடாது. அந்தக் குழுவும் மாநிலங்கள் சட்ட முன்வரைவுகளைக் கொண்டுவரத் தொடங்கிய பிறகுதான் வந்தது. கலிஃபோர்னியாவின் சட்டம் 2019 செப்டம்பரில் கையெழுத்தானது, குழுவின் பரிந்துரை 2020இல்தான்.

ஆனால் இவ்வளவு நேரமாக நாம் 2012 பவுல் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம், 2018ஐப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஸ்மித்தை ஆதரிக்கும் நானே எடுக்க வேண்டியிருக்கிறது. ஃபுட்பாலின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் மேல் குடும்ப வன்முறைப் புகார். 2015இல் போலீஸ் விசாரித்தது, வழக்குப் பதியவில்லை. விசாரணை நடந்தது மையருக்கும் தெரியும், ஸ்மித்துக்கும் தெரியும். முறைப்படி தெரிவிக்க வேண்டிய இடத்தில் இருவரும் தெரிவிக்கவில்லை. 2018 ஜூலையில் நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு வெளியே தெரிந்த பிறகுதான் அந்தப் பயிற்சியாளரை நீக்கினார்கள். மையருக்கு மூன்று ஆட்டம் இடைநீக்கம். ஸ்மித்துக்கு ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 16 வரை, சம்பளம் இல்லாமல்.

பன்னிரண்டு வெற்றி பெற்ற பையன்கள் டிவி பார்த்தது வருத்தம்தான். ஒரு பெண் சொன்ன புகார் மூன்று ஆண்டு ஓர் அலுவலகத்துக்குள்ளேயே கிடந்தது அதைவிடப் பெரிய விஷயம். அவர் மேல் எனக்குள்ள குறை இதுதான். 36 அணிகளைக் காத்தது இதைக் கழுவிவிடாது.

கணக்கன்:
இரண்டையும் சேர்த்து வைத்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. வெளியிலிருந்து யாராவது வந்து தள்ளும் வரை இருப்பதை அசைக்காத மனிதர் இவர். 2011இல் அப்படி, 2015 முதல் 2018 வரை அப்படி. 2020இல் மற்றவர்கள் பதறிப்போய் அணிகளை வெட்டியபோது அதே குணம்தான் 36 அணிகளையும் காப்பாற்றியது. ஒன்றுக்குப் பாராட்டும்போது மற்றொன்றை மறைக்க முடியாது.

இப்போது அவரிடத்தில் இருக்கும் ராஸ் ப்யோர்க்குக்கு வேறு வகைச் சோதனை. 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26க்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான் போகும். கூடவே அணிக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் வந்திருக்கிறது. அணியை மூடாமலே ஆட்களைக் குறைக்க அது போதும்.

தூரிகை:
அந்த வரம்பைத்தான் நானும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். 36 என்ற எண் அப்படியே இருக்கும், ஸ்காலர்ஷிப் இல்லாமல் தேர்வாகி வந்த பெண் மட்டும் பட்டியலில் இருக்க மாட்டாள். என் மகள் அப்படி வந்தவள்தான்.

கடைசிவரிசை:
2012 எனக்கு இன்னும் ஆறவில்லை, தலைப்பில் உள்ள பவுல் ஆட்டத்தை நீக்க மாட்டேன். மயாமி செய்ததைச் செய்திருக்க முடியும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் அவருடைய தவறுகளைப் பற்றி எழுத உட்கார்ந்த நான், முதல் பதிவில் 2018ஐப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தூரிகை சொன்ன பிறகுதான் உறைத்தது. அதை இப்போது மேலே சேர்க்கப் போகிறேன், 2011க்கு முன்னால்.