கொலைகாரன் ஆரெண்டு தெரிஞ்ச பிறகும் மண்டையை விட்டுப் போகாத படம்: உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தைக் கரை

'அந்த நாள்' பற்றி இங்க இருக்கிற ஆக்களுக்குப் புதுசா விளக்கத் தேவையில்லை. 1954, வீணை எஸ். பாலசந்தர் இயக்கினது, பாட்டே இல்லாத படம். நான் சொல்ல வாறது அதை அம்மம்மாவோட இருந்து பாத்த கதை.

படம் தொடங்கின கையோட வெடிச் சத்தம். சிவாஜி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு தள்ளாடி விழுந்து செத்துப்போறார். அம்மம்மா பாக்கு வெட்டிக்கொண்டு இருந்தவ, பாக்குவெட்டி அப்பிடியே கையில நிண்டுட்டுது. "உவரெல்லோ கதாநாயகன்?" எண்டு என்னைக் கேக்கிறா. 'பராசக்தி' வந்து ரெண்டு வருசம், அப்ப சிவாஜியின்ர வசனத்துக்கெண்டே சனம் போகும். அந்த மனுசனை முதல் காட்சியிலயே சாகடிக்க எவ்வளவு துணிவு வேணும்!

அதுக்குப் பிறகு சிஐடி வாறார் (ஜாவர் சீதாராமன், திரைக்கதை வசனமும் அவர்தான்). பக்கத்து வீட்டுக்காரர் ஒண்டு சொல்றார், தம்பி வேற ஒண்டு சொல்றான், ஒவ்வொருத்தற்ற வாயிலயும் செத்தவர் வேற வேற மனுசனா வாறார். கதை நடக்கிறது சென்னையில ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943. அம்மம்மா உடனே, "இங்க அதுக்கு முதல் வருசமே போட்டவன்" எண்டா. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அவ அப்ப சின்னப்பிள்ளை, கொழும்பில. சனம் மூட்டை முடிச்சோட ஊருக்கு ஓடினதையும், பக்கத்து வீட்டு லைற் எரிஞ்சால் ஒற்றன் எண்டு சந்தேகப்பட்டதையும் சொல்லத் தொடங்கிட்டா. படத்தை நிப்பாட்டிப் போட்டுக் கேட்டனான்.

திரும்பப் போட்டு கொஞ்ச நேரத்தில, சிஐடி கண்டுபிடிக்க முதலே, "அவதான்" எண்டா. எப்பிடி எண்டு கேட்டன். "கண்ணைப் பார்" எண்டதோட பாக்கு வெட்டத் தொடங்கிட்டா. சரியாச் சொல்லியிருந்தா. அந்தக் காட்சியை நான் எத்தனையோ தரம் திருப்பிப் போட்டுப் பாத்திட்டன். அந்தக் கண்ணில அவ என்னத்தைக் கண்டவ எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை.

கொட்டாஞ்சேனை ராஜி

எங்க வீட்டுக் கதை 2022 மார்ச் கடைசியில. 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் இருந்த கொஞ்ச நேரத்துல 'துருவங்கள் பதினாறு' போட்டோம். ரகுமான் ரிட்டயர் ஆன பொலிஸ்காரர், பழைய கேஸ் ஒன்ன உக்காந்து சொல்லிட்டே வாறார். கடைசி முடிச்சு அவிழப் போகுது, டிவி அணைஞ்சிடுச்சு.

யாரும் எழும்பிப் போகல. மச்சான் கரண்ட் பில்லைத் திருப்பி வச்சு, போன் வெளிச்சத்துல வரைய ஆரம்பிச்சாரு. வீடு இங்க, ரோடு இங்க, மழை பெய்யும்போது இவன் எங்க நின்னான், அந்த நேரம் கார் எந்தப் பக்கம் போச்சு. மாமி இருட்டுலயே, "அவன் சொன்ன நேரத்துக்கு அவன் அங்க இருந்திருக்க முடியாது"ன்னு மறுத்துப் பேசுறாங்க. சாதாரணமா சீரியல் தவிர ஒன்னும் பார்க்காதவங்க. கரண்ட் வந்து மிச்சத்தைப் பார்த்தா நாங்க எல்லாருமே பிழை. ஆனா ஏமாத்திட்டாங்கன்னு ஒருத்தரும் சொல்லல. மச்சான் பில்லை எடுத்துப் பார்த்துட்டு, "எல்லாம் இதுலயே இருக்கு, நாமதான் கோட்டை மாத்தி இழுத்துட்டோம்"ன்னாரு. நல்ல படம்னா அதுதான்னு எனக்குப் படுது.

மருதானை நானா

நான் சொல்றது தியேட்டர்ல நடந்தது. படத்துட பேரையும் தியேட்டர்ட பேரையும் விடுவோம். இடைவேளைல வாப்பாவும் நானும் பெட்டிஸ் வாங்கிட்டு வந்து உக்காந்தா, பின்சீட்டு ஆள் கூட்டாளிமாருக்குச் சத்தமா சொல்றார், கொன்னது இன்ன ஆள்தான்னு. வாப்பா திரும்பி அவர ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ரெண்டாவது பாதி முழுக்க அந்த ஒரு ஆளையே பார்த்துட்டு இருந்தோம். கடைசில அவன் இல்ல, வேற ஆள்! அவர் பிழையாச் சொன்னதால எங்களுக்கு முடிச்சு ரெண்டு மடங்கு இறுகிருச்சு. வாப்பா வீடு வரைக்கும் அதயே பேசிட்டு வந்தார்.

தெஹிவளை சுபா

முதல் பதிவு போட்டவருக்கு: "அவதான்" எண்டு எழுதினது நியாயமே இல்லை. நான் இன்னும் 'அந்த நாள்' பாக்கேல்லை. இந்தக் கிழமை பாப்பம் எண்டு எடுத்து வச்சிருந்தனான். எழுபது வருசப் படம் எண்டாலும் முதல் தரம் பாக்கிறவைக்கு அது புதுப்படம்தானே.

பழைய பிலிம் ரோல்

சுபா, உங்கள் கோபம் விளங்குது, ஆனா முழுசா ஒத்துக்கொள்ள ஏலாது. 1944இல் பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இன்டெம்னிட்டி'யைப் பாருங்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன் இரவில் அலுவலகத்துக்கு வந்து, ஒலிப்பதிவு இயந்திரத்தின் முன் இருந்து, கொலை செய்தது நான்தான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். அதற்குப் பிறகும் என்னால் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. கார் ஸ்டார்ட் ஆகாமல் இழுக்கிற இடத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. என்னுடைய அனுபவம் அவ்வளவுதான்.

ராஜி சொன்ன மாதிரி கோடு போட்டுப் பார்க்கிறது நல்லது, ஆனா அது பாதி வேலை. இந்த வகைப் படத்தில் வெளிச்சத்தைப் பார்க்கவேணும். யன்னல் தட்டியின் நிழல் ஆரின் முகத்தில் கோடு கோடாக விழுகுது, ஆரை எப்பவும் அரை இருட்டில் வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். 'அந்த நாளி'ல் மாருதி ராவின் கமரா இதைத்தான் செய்கிறது, அதுவும் 1954இல், பெரும்பாலான படங்களில் முகத்தில் பளிச்சென்று லைற் அடித்த காலத்தில். வைல்டர் ஹிட்லர் வந்த 1933இல் ஜெர்மனியை விட்டு ஓடினவர். அப்படி ஓடி வந்த பலர் சேர்ந்துதான் ஹொலிவூட்டின் இந்தக் கறுப்புப் படங்களை, அதாவது 'பிலிம் நுவார்' என்கிற நிழலும் குற்றமும் நிறைந்த படங்களை, உருவாக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரனையே நம்ப ஏலாத பயம் அவர்களுக்குப் படிச்சு வந்ததில்லை. வெள்ளவத்தைக்காரரின் அம்மம்மா சொன்னதும் அதே பயம்தான்.

பார்க்கிற முறை பற்றியும் ஒரு வார்த்தை. முதல் தரம் போனைத் தூர வைத்து, அறை லைற்றை அணைத்துப் பாருங்கள், இடையில் நிப்பாட்ட வேண்டாம். ரெண்டாம் தரம் கொலைகாரரை மட்டும் பாருங்கள். மற்றவர் பேசும்போது அவர் என்ன செய்கிறார்? கையை எங்க வைக்கிறார்? அப்பவும் பொய் தெரியாவிட்டால் அந்தப் படம் எங்களை ஏமாத்தின படம். தெரிந்தால் உண்மையான கெட்டிக்காரப் படம். கடைசிப் பத்து நிமிசத்தில் புதுசாக ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிற படங்களுக்கு நான் காசு குடுக்கிறதில்லை, நீங்களும் குடுக்காதேங்கோ.

தெஹிவளை சுபா

அண்ணை, உங்கட படத்தில இயக்குநரே சொல்லிப்போட்டார், அது அவற்ற தெரிவு. இதில சொன்னது இன்னொரு ரசிகர். ரெண்டும் ஒண்டில்லை.

வெள்ளவத்தைக் கரை

சுபா, கோவிக்காதேங்கோ. அந்தப் படத்தில சந்தேகத்துக்குள்ளாகிற பொம்பிளையள் மூண்டு பேர். மனுசி, தம்பியின்ர மனுசி, நடனக்காரி. "அவ" எண்டதை வச்சு ஒண்டும் பிடிக்க ஏலாது. நீங்கள் பாருங்கோ. பாக்கேக்க மூண்டு பேற்ற கண்ணையும் பாருங்கோ. என்னால கண்டுபிடிக்க ஏலாததை நீங்கள் கண்டால் கட்டாயம் எழுதுங்கோ.

அண்ணை சொன்ன ரெண்டாம் தரம் பாக்கிற முறை சரி. ஆனா நடுவில நிப்பாட்டாதேங்கோ எண்டதை நான் ஏற்க மாட்டன். நிப்பாட்டாமல் விட்டிருந்தால் அம்மம்மாவின்ர 1942 எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கொட்டாஞ்சேனை ராஜி

எங்க வீட்டுல சனிக்கிழமை 'அந்த நாள்' போடப் போறோம். அதுவரைக்கும் அந்த மூனு பேரைப் பத்தி யாரும் இன்னொரு எழுத்துக்கூட எழுத வேணாம், ப்ளீஸ். மாமி இப்பவே தம்பி பொண்டாட்டி மேலதான் சந்தேகம்னு சொல்லிட்டாங்க, இன்னும் படத்தையே பார்க்கல.