விமானத்திலிருந்து அளந்த ஸ்பீடிங் டிக்கெட்: கலிபோர்னியாவில் வாதாடியவர்கள் உதவுங்கள்

மணிக்கு 65 மைல் வரம்புள்ள சாலையில் 85-இல் போனதாக எனக்கு டிக்கெட். வேகத்தை அளந்தவர் விமானத்தில், நிறுத்தியவர் தரையில். சாலையில் வரைந்த இரு கோடுகளைக் கார் கடக்கும் நேரத்தை மேலிருந்து ஸ்டாப்வாட்சில் அளக்கிறார்கள். கோடுகளுக்கிடையே கால் மைல் என்றால், 900-ஐ (ஒரு மணியின் 3600 விநாடியில் கால் பங்கு) விநாடியால் வகுத்தால் வேகம்: 85-க்கு 10.6 விநாடி. ஸ்டாப்வாட்சை அரை விநாடி முன்னதாக நிறுத்தியிருந்தால் உண்மை வேகம் 81தான். அதைவிட முக்கியம், விமானத்திலிருந்து பார்த்த வெள்ளைக் காரும் தரையில் நிறுத்திய என் காரும் ஒன்றுதானா, நடுவில் பார்வை விலகியதா என்பது.

கோடுகளின் இடைவெளியை அளந்த பதிவு, ஸ்டாப்வாட்ச் சோதனைச் சான்று, விமானத்தில் எழுதிய குறிப்பு, இவற்றை எழுத்தில் கேட்டு வாங்கியவர்கள் உண்டா? யாருக்கு அனுப்பினீர்கள்?

நேரில் போகாமல் எழுத்திலேயே வாதாடும் எழுத்து விசாரணைக்கு (டிஆர்-205 படிவம்) அபராதம் முழுவதையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். தோற்றால் 20 நாளுக்குள் புது விசாரணை கேட்கலாம். நேரில் போனால், விமானத்தில் இருந்தவர் வராதபட்சத்தில் தரை அதிகாரி சொல்லும் வேகம் வெறும் கேள்விப்பட்ட சாட்சியம் என்று ஆட்சேபிக்கலாம். எந்த வழி பலன் தந்தது?