டாக்டர் கிரீன் செய்தது தமிழ்த் தொண்டா, மதத் தொண்டா?

வைகைக்கரையான்:
போன வாரம் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கையில் கொடுத்த தாளில் ஒரு வரிகூடத் தமிழ் இல்லை. மாத்திரையை எப்போது கொடுப்பது என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்க வேண்டியதாயிற்று. அப்போது சாமுவேல் கிரீனைத்தான் நினைத்தேன். 1847-இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தவர். அங்கே மானிப்பாய் என்ற ஊரில் மருத்துவம் கற்பித்தார். 1860-களில் ஆங்கிலத்தில் இருந்த பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் (அறுவை மருத்துவம்), கெமிஸ்தம் (வேதியியல்) என்று தமிழில் நூல்கள் கொண்டுவந்தார். அவரிடம் படித்து மருத்துவரானவர்கள் 60 பேருக்கும் மேல். மதுரையில் அவருக்கு ஒரு கூட்டம் நடத்த வேண்டும்.

மாசிவீதி மணி:
அண்ணே, அம்மா நலமா? கூட்டம் எதற்கு என்றுதான் புரியவில்லை. 'தமிழர்களுக்கு மருத்துவச் சுவிசேஷகர்', அதாவது மருத்துவம் செய்த மதபோதகர், என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னவர் அவர். வந்த வேலை மதம் பரப்புவது. மருந்தும் தமிழும் அதற்கு வழி. 1834-இல் நம் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனும் அந்த யாழ்ப்பாண மிஷனின் கிளைதானே?

செல்லூர் தமிழரசி:
நான் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நஞ்சுக்கொடி என்று சொன்னால் உடனே புரிகிற பிள்ளைகள், அதையே ஆங்கிலத்தில் சொன்னால் மனப்பாடம் செய்கிறார்கள். நோக்கம் மதமாகவே இருக்கட்டும், மணி தம்பி. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்ப்பார்கள் என்று கிரீன் கணக்குப் போட்டாரே, அது நோயாளியை நினைத்துப் போட்ட கணக்கு.

மாசிவீதி மணி:
அக்கா, அந்தக் கணக்கில்தான் எனக்கு வருத்தம். ஆங்கிலம் இல்லாவிட்டால் அரசாங்க உத்தியோகம் இல்லாத காலம் அது. படித்த பையனின் சம்பளத்தை, அவன் போகும் தூரத்தை வேறொருவர் முடிவு செய்வதா? அவனிடம் கேட்டார்களா?

செல்லூர் தமிழரசி:
நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பையன் ஊரிலேயே இருந்ததால் பிழைத்த தாயும் பிள்ளையும் இருப்பார்களே, அவர்களையும் எண்ண வேண்டாமா?

வைகைக்கரையான்:
அம்மா தேறிவிட்டார், மணி. அங்காதிபாதம் என்று உடற்கூற்றுக்குப் பெயர் வைத்தார் கிரீன். வடமொழி கலந்த தமிழ்தான், இன்று யாரும் அப்படி எழுதுவதில்லை. ஆனாலும் ஒரு வெளியூர்க்காரர் சொல்லுக்குச் சொல் உட்கார்ந்து தேடியிருக்கிறார். நம் டாக்டர்கள் மாத்திரைச் சீட்டில் 'காலை, இரவு' என்றாவது எழுதக் கூடாதா?

மாசிவீதி மணி:
சரி, கூட்டம் வையுங்கள், வருகிறேன். அந்தக் கல்லறை வாசகத்தையும் நோட்டீசில் போடுங்கள்.