மார்கழியில் தனியாக மூன்று நாள்: சென்னை சபாக்களா, திருவையாறா?

கழனிவாசல் வீணை:
எல்லாருக்கும் வணக்கம். மார்கழியில் மூன்று நாள் விடுப்பு கிடைக்கும்போல இருக்கிறது. தனியாகச் சென்னை போய்க் கச்சேரி கேட்டுவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். பள்ளி நாளில் வீணை கற்றேன், கல்யாணத்தோடு நின்றுபோனது, இப்போது மறுபடி எடுத்திருக்கிறேன். யூடியூபில் கேட்டால் சத்தம் வருகிறது, ஆனால் கேமரா எப்போதும் முகத்தையே காட்டுகிறது. எனக்கு இடது கை எந்த மெட்டில் (தண்டியில் குறுக்கே பதித்த உலோகத் துண்டு) நின்று கம்பியை எவ்வளவு இழுக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும்.

திட்டம்: காரைக்குடியிலிருந்து விடியற்காலை பல்லவன் ரயிலில் கிளம்பினால் நண்பகல் வாக்கில் சென்னை. மயிலாப்பூர்ப் பக்கம் ஓர் அறை. மூன்றாம் நாள் திரும்பும் பல்லவன். என் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். மாமியாரும் மாமனாரும்தான், "பாட்டுக் கேட்கத்தானே, பக்கத்திலேயே திருவையாறு இருக்கிறது, தியாகராஜ ஆராதனைக்கு எல்லாருமாகப் போவோமே" என்கிறார்கள். எது நல்லது? தனியாகப் போவதைப் பற்றியும் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரசிகர்:
சகோதரி, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான் சரி. தியாகராஜர் வாழ்ந்ததும் மறைந்ததும் திருவையாறு. 1847 ஜனவரியில் அவர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமித் திதியில்தான் ஆராதனை. திதிக் கணக்கு என்பதால் சில வருடம் பொங்கலுக்கு முன்னால் வரும், சில வருடம் பின்னால். அன்று காலை திருமஞ்சன வீதியில் அவர் இருந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை கிளம்பிச் சமாதிக்கு வரும். அப்புறம் பந்தலில் வித்வான்கள் தரையில் எதிரும் புதிருமாக வரிசையாக உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ராகங்களில் அவர் செய்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் சேர்ந்து பாடுவார்கள். பெரிய பெயர் வாங்கினவர் பக்கத்திலேயே போன வருடம் அரங்கேறிய பிள்ளை உட்கார்ந்திருக்கும். டிக்கெட் கிடையாது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நீங்களும் சேர்ந்து பாடலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். 1920களில் தன் சொத்தைப் போட்டுக் கட்டினார். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்றிருந்தபோது பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஆராதனை நடத்தினார். வாத்தியம் எடுக்கிற ஒரு பெண் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் சுமார் 100 கிலோமீட்டர், அங்கிருந்து திருவையாறு 13. சென்னைக்குப் போய் அறைக்கும் ஆட்டோவுக்கும் கொடுக்கிற பணத்தில் குடும்பமே போய் வரலாம். பெரிய ஊரில் ராத்திரி ஒன்பதரைக்குக் கச்சேரி முடிந்து தனியாக அறைக்குத் திரும்புவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கோனாபட்டுப் பிள்ளை:
அண்ணே, திருவையாற்றைப் பற்றி நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கா கேட்டது கையைப் பார்க்க வேண்டும் என்று. ஆராதனையில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். ஒரு கீர்த்தனை, வணக்கம், அடுத்தவர். அது அஞ்சலி, அங்கே அதுதான் முறை. ராக ஆலாபனையை ஒருவர் கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போவதை அங்கே கேட்க முடியாது. வீணையில் தானம் (ராகத்தைத் துடிப்போடு விரிக்கிற பகுதி) கேட்க முடியாது. அதற்கு இரண்டரை மணி நேரக் கச்சேரி வேண்டும், சென்னை வேண்டும்.

இன்றைக்கு மேடையில் கேட்கிற கச்சேரி அமைப்பைத் தந்தவரும் நம் பக்கத்து ஊர்க்காரர்தானே. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், 1938-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்னக் கீர்த்தனைகளாக விறுவிறுப்பேற்றி, நடுவில் ஒரு ராகத்தை விரித்து, நிரவல் (ஒரே வரியை விதவிதமாகப் பாடுவது), ஸ்வரம், தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனியாக வாசிக்கிற பகுதி), அப்புறம் துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள். இந்த வரிசையை முழுசாக உட்கார்ந்து அனுபவித்தால்தான் அவர் என்ன செய்தார் என்று புரியும்.

அக்கா, அலைய வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு சபா என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மியூசிக் அகாடமியில் விளக்க உரை இருக்கும், டிக்கெட் வேண்டாம். மதியக் கச்சேரிகளும் பல சபாக்களில் இலவசம். மாலை பெரிய கச்சேரியில் முன்வரிசை எல்லாம் உறுப்பினர்களுக்கும் புரவலர்களுக்கும் போய்விடும், உங்களுக்குப் பால்கனிதான் கிடைக்கும், அங்கிருந்து விரல் தெரியாது. மதியம் அரங்கம் பாதி காலியாக இருக்கும், இரண்டாவது வரிசையில் உட்காரலாம். வாசிப்பவர் இளையவராகத்தான் இருப்பார், ஆனால் மெட்டு மெட்டாகப் பார்க்கலாம். பசித்தால் சபா கேன்டீன், அதற்கும் டிக்கெட் தேவையில்லை.

தேவகோட்டை ரசிகர்:
தம்பி, நீங்கள் சொல்வதை வைத்தே கேட்கிறேன். அத்தனை சபாவில் வீணைக்கு எத்தனை இடம்? நிகழ்ச்சி நிரலைப் புரட்டுங்கள். வாய்ப்பாட்டு, வாய்ப்பாட்டு, வாய்ப்பாட்டு. நடுவில் வயலின், புல்லாங்குழல். மாலை நேரத்தில் வீணையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இவர் மூன்று நாள் போய் வீணையே கேட்காமல் திரும்பிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

கோனாபட்டுப் பிள்ளை:
அந்தக் கவலை நியாயமானது அண்ணே. வீணையை ஓரங்கட்டிவிட்டார்கள் என்பது எனக்கும் வருத்தம்தான். அதனால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன். தேதியை முதலில் முடிவு செய்து ரயில் போடாதீர்கள் அக்கா. நிரல்கள் வந்ததும் வீணை எங்கெங்கே என்று மட்டும் குறித்துக்கொண்டு, குறைந்தது இரண்டு வீணைக் கச்சேரியாவது சேர்ந்து வருகிற மூன்று நாளைப் பிடியுங்கள். விடுப்பை அதற்குத் தகுந்தாற்போல் கேளுங்கள்.

அப்புறம், திருவான்மியூரில் இருக்கிற நடன, இசைப் பள்ளி கலாக்ஷேத்ரா. காரைக்குடி சாம்பசிவ ஐயர் கடைசிக் காலத்தில் வீணை சொல்லிக்கொடுத்தது அங்கேதான். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி மடியில் கிடத்தி. காரைக்குடி பாணி என்று உலகம் சொல்வது இந்த இருவர் வாசிப்பை. பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு ஒரு முற்பகல் போய் வாருங்கள்.

குன்றக்குடி மைந்தன்:
செட்டிநாட்டிலிருந்து ஒருவர் இசை கேட்கச் சென்னை போகிறார், இவ்வளவு பேச்சில் தமிழிசைச் சங்கத்தை ஒருவரும் சொல்லவில்லையே. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசித் துக்கடாவாக மட்டும் இருக்கக்கூடாது என்பதுதான் கோரிக்கை. அன்றைக்கு வித்வான்களிலும் சபாக்காரர்களிலும் பெரும்பகுதி எதிர்த்தார்கள். கல்கியும் ராஜாஜியும் பக்கத்தில் நின்றார்கள். 1943-ல் சங்கம் வந்தது. பாரிமுனை பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பரில் இன்றைக்கும் தமிழிசை விழா நடக்கிறது, பண் (பழந்தமிழ் ராகம்) ஆராய்ச்சியும் நடக்கிறது. ஓதுவார்கள் தேவாரத்தைப் பண்ணோடு பாடுவார்கள். மயிலாப்பூரிலேயே மூன்று நாளையும் கழித்துவிட்டு வந்தால் நம் ஊர்க்காரர் எதற்காகப் போராடினார் என்று தெரியாமலே வருவீர்கள். ஒரு நாளாவது அங்கே.

கோனாபட்டுப் பிள்ளை:
மன்றத்துக்குப் போகட்டும், நானும் போயிருக்கிறேன். ஆனால் அதை மற்ற சபாக்களுக்கு எதிராக நிறுத்த வேண்டாம். திருப்பாவை முப்பதுக்கும் மெட்டமைத்தவர் அரியக்குடி. மார்கழி முழுக்க எல்லா சபாவிலும் அது ஒலிக்கிறது. அவர் தெலுங்குக் கீர்த்தனையும் பாடினார், தமிழும் பாடினார். வாத்தியம் கேட்கப் போகிறவருக்கு மொழி ஒரு பொருட்டா?

கழனிவாசல் வீணை:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும் தம்பி. வீணைக்கு மொழி பொருட்டுதான். வலது கை மீட்டு சாகித்தியத்தின் எழுத்தில் விழ வேண்டும். சொல் எங்கே பிரிகிறது என்று தெரியாவிட்டால் நடுச்சொல்லில் மீட்டு விழுந்து பாட்டு உடைந்துபோகும். தெலுங்குக் கீர்த்தனையை நான் எழுதி வைத்து உருப்போட்டுத்தான் வாசிக்கிறேன். தமிழ்ப் பாட்டு என்றால் எங்கே மீட்டுவது, எங்கே ஒரே மீட்டில் இழுத்துக்கொண்டு போவது என்று கைக்கே தெரிகிறது. அதனால் குன்றக்குடி ஐயா சொன்னபடி ஒரு நாள் மன்றத்துக்கு ஒதுக்குகிறேன். பண் பாடுவதைக் கேட்டால் அதை வீணையில் எடுக்கலாமா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி:
தனியாகப் போவதைப் பற்றி அந்தப் பிள்ளை கேட்டது, அதற்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. தேவகோட்டைத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். நம் வீட்டு ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனபோது வருடக்கணக்கில் அந்தப் பெரிய வீடுகளில் இருந்து வரவு செலவு பார்த்து, பிள்ளைக்குக் கல்யாணம் பேசி, திருவிழாவுக்கு முறை செய்ததெல்லாம் ஆச்சிமார்கள்தான். மூன்று நாள் பாட்டுக் கேட்கத் துணை எதற்கு?

துணையோடு போனால் பாட்டுக் கேட்க முடியாது. கூட வருகிறவருக்குக் காபி வேண்டும், இடுப்பு வலிக்கும், அங்காடிக்குப் போகணும். ஆலாபனை நடுவில் "எப்ப முடியும்?" என்று கேட்பார்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போவார்கள், நம்மையும் இழுப்பார்கள். மிருதங்கம் காரைக்குடி மணி பிறந்த ஊரிலிருந்து போகிறவள் தனிக்கு எழுந்து போகலாமா ஆத்தா? உட்கார்ந்து கேள்.

பத்திரத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். அறையை சபாவுக்கு நடக்கிற தூரத்தில் எடு, வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மயிலாப்பூர்க் கோயிலின் நாலு மாடவீதிக்குள் எடுத்தால் இன்னும் நல்லது. மார்கழி விடியலில் அந்த வீதிகளில் பஜனை வரும், பாபநாசம் சிவன் நடத்திக்கொண்டு வந்த வழி அது. குளித்துவிட்டு வாசலில் நின்றாலே கேட்கலாம். பகலில் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ராத்திரி செயலியில் ஆட்டோ போட்டு வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடு. குடை எடுத்துக்கொள், டிசம்பர் மழையை நம்ப முடியாது. உள்ளே குளிர்சாதனம் உறைய வைக்கும், ஒரு சால்வை.

தேவகோட்டை ரசிகர்:
ஆச்சி சொன்ன பிறகு தனியாகப் போவதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் ஊர் விஷயத்தில் மாறவில்லை. சென்னையில் பாட்டு சீசனுக்கு வருகிறது. தஞ்சாவூரில் வாத்தியமே பிறக்கிறது. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பலா மரத்துண்டைக் குடைந்து குடம் எடுப்பதையும், தண்டி முனையில் யாளி முகம் செதுக்குவதையும் பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரே மரத்தில் செய்தால் ஏகாண்ட வீணை. 24 மெட்டையும் மெழுகில் பதித்து, ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்து, சுருதி ஒரு நூல் விலகினாலும் சூடு காட்டி நகர்த்துவார் ஆசாரி. காதாலேயே செய்கிற வேலை அது. கையைப் பார்க்க வேண்டும் என்றீர்களே, அந்தக் கையையும் பார்க்க வேண்டாமா?

கழனிவாசல் வீணை:
அண்ணே, இது நீங்கள் சொன்னதிலேயே என்னை அதிகம் அசைத்தது. என் வீணையில் போன கோடை வெயிலுக்கு மெழுகு இளகி மேல் ஸ்தாயியில் மெட்டுகள் நகர்ந்துவிட்டன. மேல் பஞ்சமத்தில் விரல் சரியான இடத்தில் இருந்தும் சுரம் சற்றே கீழே பேசுகிறது. எப்படியும் தஞ்சாவூருக்கு எடுத்துப்போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு வீணையோடு கார் வேண்டும், வீட்டுக்காரர் கூட வர வேண்டும். ஆராதனைச் சமயத்தில் மாமனார் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு அப்படியே போகலாம். மார்கழி மூன்று நாளை அதற்குக் கொடுக்க மாட்டேன். அது வேறு காரியம்.

இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன். முதல் நாள் மதியம் இறங்கி, சாமான்களை அறையில் போட்டுவிட்டு, மாலை ஒரே ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி, பால்கனியானாலும் சரி, வர்ணத்திலிருந்து மங்களம் வரை. இரண்டாம் நாள் காலை அகாடமி விளக்க உரை, மதியம் வீணை எங்கே இருக்கிறதோ அங்கே இரண்டாவது வரிசை, மாலை ராஜா அண்ணாமலை மன்றம். மூன்றாம் நாள் காலை கலாக்ஷேத்ரா, பிற்பகல் வண்டி.

குன்றக்குடி மைந்தன்:
மன்றத்து நிரலையும் சேர்த்தே பாருங்கள். அங்கே விழா அகாடமி தேதிகளோடு அப்படியே ஒட்டிப்போகாது, மாதக் கடைசிப் பக்கம் தள்ளி வரும். முந்தின வாரத்தில் போனால் தவறவிடுவீர்கள்.

தேவகோட்டை ரசிகர்:
மூன்றாம் நாள் திட்டம் தாங்காது சகோதரி. திருவான்மியூர் போய், அறைக்கு வந்து பையை எடுத்து, பிற்பகல் பல்லவனைப் பிடிப்பது என்றால் ஓட்டமாக இருக்கும். கலாக்ஷேத்ராவை அவசரமாகப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். பல்லவனை விட்டுவிட்டு மாலை கிளம்புகிற ராமேஸ்வரம் வண்டியில் திரும்புங்கள். அகால நேரத்தில் இறங்க வேண்டியிருக்கும், வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, மார்கழி வண்டி சீக்கிரம் நிரம்பும். நிரல் வரும்வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று தேதிக்குப் போட்டு வைத்து, வேண்டாததை ரத்து செய்துகொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பட்டறைக்கு எப்போது போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நான் வேலை கொடுக்கிற ஆசாரியிடம் முன்னாலேயே பேசி வைக்கிறேன்.

கழனிவாசல் வீணை:
ராமேஸ்வரம் வண்டியே போடுகிறேன் அண்ணே. பட்டறைக்குத் தை மாதம்.