உடம்பை ஏற்றுவதா, இப்படியே இறுக்கமாக வைத்திருப்பதா?

அண்ணாமார், அக்காமாரே, ஒரு ஆலோசனை வேண்டும். வெள்ளவத்தையில் இருக்கிறேன். உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 62 கிலோ. ஜிம்முக்குப் போகத் தொடங்கிய பிறகு வயிற்றில் கோடு விழுந்திருக்கிறது, அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் ஸ்குவாட்டில், அதாவது தோளில் பாரம் வைத்துக் குந்தி எழும்பும் பயிற்சியில், தூக்கும் எடை கூடவே மாட்டேன் என்கிறது. சட்டை போட்டால் தோளே தெரிவதில்லை.

பயிற்சியாளர், "நல்லாச் சாப்பிட்டு முதலில் பத்துக் கிலோ ஏத்து, பிறகு குறைக்கலாம்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சீனி வருத்தம். வயிற்றில் கொழுப்புச் சேர்வது எங்கள் குடும்பத்துக்கு ஆகாது. நாளுக்கு 250, 300 கலோரி மட்டும் கூட்டி, மாதம் ஒரு கிலோவுக்குள் ஏறுவதுதான் சரி என்று படுகிறது.

சிக்கல் சாப்பாட்டில்தான். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று பார்த்தால் எனக்கு நாளுக்குச் சுமார் 100 கிராம் வேண்டும். காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் கந்தோரில் சோற்றுப் பார்சல், அதில் ஒரேயொரு மீன் துண்டு. முட்டை ஒன்றில் 6 கிராம்தான். வே பவுடர் (பாலில் இருந்து எடுக்கும் புரத மா) கட்டுப்படியாகாது.

இப்படி மெதுவாக ஏற்றியவர்கள் சொல்லுங்கள்: கடலை, பருப்பு, நெத்தலி, ரின்மீன் இவற்றை வைத்தே 100 கிராமைத் தேற்ற முடியுமா? இடுப்பளவு எவ்வளவு கூடியதும் நிறுத்தினீர்கள்?