வால்யூமெட்ரிக் வெயிட்: 'கன எடை' வேண்டாம், 'அளவெடை' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். பெட்டியின் நீள, அகல, உயரத்தைக் கொண்டு கூரியர்காரர்கள் கணக்கிடும் எடைதான் 'வால்யூமெட்ரிக் வெயிட்'. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த பரிந்துரைகளை மேற்கோள் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> வால்யூமெட்ரிக் வெயிட் = கன எடை. 'கன அளவு' பாடநூலிலேயே இருக்கிறது.

பாடநூலில் சரி. பார்சல் அனுப்புகிறவர் காதில் 'கன எடை' கனமான எடை என்றுதான் விழும். நடப்பதோ நேர் எதிர். இலவம்பஞ்சுத் தலையணை அடைத்த ஓர் அட்டைப்பெட்டி. நீளம் 60 செ.மீ., அகலம் 40, உயரம் 40. தராசில் 8 கிலோ. கூரியர் கவுண்டரில் டேப் வைத்து அளந்து, மூன்றையும் பெருக்கி (96,000), 5000-ஆல் வகுப்பார்கள். 19.2 கிலோ! இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. விமானச் சரக்கில் வழக்கமாக 6000-ஆல் வகுப்பதால் அதே பெட்டி 16 கிலோ. வகுக்கும் எண் சிறுத்தால் பில் பெருக்கும். இலேசான சரக்கு ஏற்றினால் விமானத்தில் எடை வரம்பைத் தொடும் முன்பே இடம் தீர்ந்துவிடும், அதனால் வந்த கணக்கு இது.

> கொள்ளளவு எடை? பருமன் எடை?

கொள்ளளவு என்பது உள்ளே எவ்வளவு பிடிக்கும் என்பது. இங்கே அளப்பது வெளிப்புறத்தை; பெட்டி புடைத்திருந்தால் புடைப்பும் சேர்ந்துதான். 'பருமன்' இயற்பியலுக்குப் பொருந்தும், ஆனால் 'உடல் பருமன்' பழகிய காதுக்கு டாக்டர் பேச்சாகக் கேட்கும்.

என் பரிந்துரை: அளவெடை. அளந்து பெறும் எடை, அவ்வளவுதான். இலக்கணம் படித்தவர்கள் உடனே 'அளபெடை' என்று சிரிப்பார்கள். இருக்கட்டுமே! எழுத்து தன் மாத்திரையை மீறி நீண்டால் அளபெடை, பெட்டி தன் எடையை மீறி நீண்டால் அளவெடை. தட்டச்சில் குழம்பும் என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் யாப்பும் கூரியர் பில்லும் ஒரே பக்கத்தில் வருவது அபூர்வம். இரண்டில் கூடுதலாக வந்து காசு வாங்கப்படும் எடையான 'சார்ஜபிள் வெயிட்'டுக்குக் 'கட்டண எடை' போதும், அதில் விவாதமே தேவையில்லை.

அப்புறம் அடிப்பரப்பு. மேலே எதையும் அடுக்கக் கூடாத சரக்கு என்றால் கன அளவு பார்த்துப் பயனில்லை. அதன் தலைக்கு மேலுள்ள இடம் வீண், தரையில் அடைத்த இடத்துக்குத்தான் கட்டணம். ஐரோப்பிய லாரிப் போக்குவரத்தில் 'லோடிங் மீட்டர்' என்பது இதுதான். லாரியின் உள்ளகலத்தை 2.4 மீட்டர் என்று கொண்டு அடிப்பரப்பை அதனால் வகுப்பார்கள். 1.2 × 0.8 மீட்டர் பேலட்டின் (சரக்கை அடுக்கி வைக்கும் தட்டு) அடிப்பரப்பு 0.96 ச.மீ.; வகுத்தால் 0.4 மீட்டர்.

இதை 'ஏற்று மீட்டர்' என்று பெயர்த்தால் ஏதோ கருவியின் பெயராகிவிடும். விடையாகக் கிடைப்பது லாரித் தளத்தில் அந்தச் சரக்கு பிடிக்கும் நீளம். அதனால் தள நீளம் என்கிறேன். "இந்தப் பேலட்டுக்குத் தள நீளம் 0.4 மீட்டர்" என்று வாக்கியத்திலும் உறுத்தாமல் உட்காருகிறது.

'அடுக்கக் கூடாத சரக்கு' என்பது மட்டும் எனக்கே நீளமாகப் படுகிறது. குடோன் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அங்கே வாய்ப்பேச்சில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். நாலு எழுத்தில் ஒன்று கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.