கேட்டுல நின்னா மட்டும் கொதிக்குது

குழு: தண்டையார்பேட்டை வீடு

வெள்ளி

பிரவீன், இரவு 9:14
மாமா முழிச்சினு கீறீங்களா? பைக்கு மறுபடியும் கொதிச்சிடுச்சு. டெம்ப் லைட்டு செவப்பா எரிஞ்சுது. ஆஃப் பண்ணிட்டு தள்ளினு வந்தேன்

அம்மா, 9:15
எங்க கீற இப்போ

பிரவீன், 9:15
வீட்டு வாசல்லதாம்மா. கீழ

அம்மா, 9:15
அப்ப மேல வந்து சொல்ல வேண்டியதுதான. இட்லி ஆறுது

பாபு சித்தப்பா, 9:17
செகண்ட் ஹேண்டுல அந்த வண்டி வேணாம்னு அப்பவே சொன்னேன். 150 சிசிக்கு எதுக்குடா ரேடியேட்டரு. எங்க காலத்துல எல்லாம் காத்துலயே ஆறும்

கலா அக்கா, 9:18
உங்க வண்டி ஆறுறதுக்கு ஸ்டார்ட் ஆனாதான சித்தப்பா 😄

சேகர் மாமா, 9:21
எங்க கொதிச்சுது? ஓடும்போதா, நிக்கும்போதா?

பிரவீன், 9:23
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுல. ஒரு கூட்ஸு போச்சு, தொறப்பான்னு பாத்தா இன்னொண்ணு வருது. போன வாரம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கண்டெய்னர் லாரி நடுவுல மாட்டினப்பவும் இதே கதை. மணலி ரோட்ல விரட்டினு போனா ஒண்ணும் ஆவல, டெம்ப் மீட்டரு பாதிலயே நிக்குது

பிரவீன், 9:24
மெக்கானிக் ஒருத்தரு எட்டி பாத்துட்டு ஹெட் கேஸ்கட் போச்சு (இன்ஜின் ஹெட்டுக்கு அடில கீற சீலாம்), இன்ஜின பிரிக்கணும், 8000 ஆவும்னாரு

சேகர் மாமா, 9:27
எட்டி பாத்தே கேஸ்கட்டா? இன்ஜின்ல கை வெக்க விடாத. ஓடும்போது எதிர்காத்து ரேடியேட்டர்ல அடிக்கும், அதுவே ஆத்திடும். நின்னா ஃபேன விட்டா வேற கதி இல்ல. நிக்கும்போது மட்டும் ஏறுதுன்னா மொதல்ல ஃபேனு பக்கம் போவணும். ஓடும்போதும் ஏறினா அது வேற கேஸு, தெர்மோஸ்டாட், பம்பு, அடைப்புன்னு தேடணும். கேட்டுல ஃபேன் சுத்துற சத்தம் கேட்டுச்சா?

பிரவீன், 9:28
இல்ல மாமா. குனிஞ்சு பாத்தேன், சும்மாதான் நின்னுச்சு

தேவி அத்தை, 9:28
மூடிய தொறந்து ரெண்டு சொம்பு பச்ச தண்ணி ஊத்து கண்ணு

சேகர் மாமா, 9:28
தொறக்காத!!

சேகர் மாமா, 9:30
டேய் பிரவீன், அதுல கைய வெக்காத. உள்ள பிரஷரோட கீது. தண்ணி 100 டிகிரில கொதிக்கும். மூடி அழுத்தி புடிக்கறதாலதான் 120 கிட்ட போனாலும் கொதிக்காம கீது. தொறந்தா அத்தினியும் ஆவியா மூஞ்சில பீச்சும். எங்க லாரி ஷெட்டுல ஒரு பையனுக்கு கழுத்துலேந்து நெஞ்சு வரைக்கும் வெந்துபோச்சு. காலைல ஜில்லுனு ஆனப்புறம் தொற

சேகர் மாமா, 9:30
தேவி, பக்கத்துலதான உக்காந்துனு கீற, இத எங்கிட்ட சொல்லக்கூடாதா

பிரவீன், 9:33
ஆனா தண்ணி கம்மி இல்ல மாமா. சைடு டேங்குல ஃபுல் கோட்டுக்கு மேலயே கீது
📷 படம்

சேகர் மாமா, 9:36
அதான் இடிக்குது. கோட்டுக்கு மேல எதுக்கு இருக்கணும்? போய் சாப்ட்டு தூங்கு

சனி

பிரவீன், காலை 7:42
மூடிய தொறந்தேன். ரேடியேட்டர்ல தண்ணியே தெரியல மாமா. டார்ச் அடிச்சா அடில டீ கலர்ல கொஞ்சம் ஆடுது. டேங்குல மட்டும் ஃபுல்லு. எப்பிடி?
📷 படம்

சேகர் மாமா, 7:50
🎤 குரல் செய்தி 1:52

கலா அக்கா, 7:51
மாமா, நான் வார்டுல கீறேன். டைப் பண்ணுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்

சேகர் மாமா, 8:04
மூடிக்கு ரெண்டு வேலை. சூடாவும்போது தண்ணி பெருத்து ஸ்பிரிங்க தூக்கும், மிச்சம் சின்ன டியூப் வழியா டேங்குக்கு போவும். ஆறும்போது உள்ள சுருங்கி உறிஞ்சும். அப்ப மூடி நடுவுல கீற குட்டி வால்வு தொறந்து, போன தண்ணி திரும்பி வரணும். உனக்கு போவுது, வரல. டேங்கு ரொம்பி வழியுது, ரேடியேட்டர் காலி. டேங்க பாக்கறவன் தண்ணி கீதுன்னு நெனச்சுப்பான்.
ஒண்ணு மூடி வால்வு ஒட்டினு கீது. இல்ல டியூப்ல வெடிப்பு, தண்ணிக்கு பதிலா காத்த உறியுது. ரெண்டயும் பாரு

பிரவீன், 8:31
டியூப்ப கழட்டி கழுவி, ஒரு பக்கம் வெரலால மூடி ஊதினேன். காத்து போவல, நல்லா கீது. மூடி ரப்பரு பிளாஸ்டிக் மாதிரி வெறச்சி போச்சு. நடுவுல கீற தகட்ட நகத்தால இழுத்தா அசையவே மாட்டுது, சுத்தி வெள்ளையா உப்பு
📷 படம்

சேகர் மாமா, 8:33
மாட்டினான். யாரோ இதுல போர் தண்ணி ஊத்தி ஓட்டி கீறான். மீஞ்சூர் பக்கம் நெலத்தடில கடல் தண்ணி பூந்து எத்தினி வருசம் ஆச்சு. நம்ம தெரு போர் தண்ணில பருப்பே வேவாது, அத அலுமினிய ரேடியேட்டர்ல ஊத்தினா?

பாபு சித்தப்பா, 8:40
எல்லாம் சரி சேகரு. ஃபேன் ஏன் ஓடல? அத சொல்லு

சேகர் மாமா, 8:46
கரெக்டா கேட்ட மச்சான். இந்த பழைய மாடல்ல லைட்டுக்கு தனி சென்சரு, அது இன்ஜின் ஹெட்ல. ஃபேனுக்கு தனி சுவிட்சு, அது ரேடியேட்டர்ல. ரேடியேட்டர்ல சுடுதண்ணி வந்து தொட்டாதான் ஃபேன் சுவிட்சுக்கு சூடு தெரியும். தண்ணி எறங்கிப் போனா இன்ஜின் வேவுது, சுவிட்சு காத்துல தொங்குது. அது எப்பிடி ஃபேன போடும்.
பிரவீன், சந்தேகத்துக்கு ஃபேன் சுவிட்சு சாக்கெட்ட கழட்டி ரெண்டு ஒயரயும் சேத்து புடி, சாவி ஆன்ல. ஃபேன கம்ப்யூட்டரே (ஈசியூ) போடுற புது வண்டில இந்த வேலைய பண்ணாத, உன்னுதுல பண்ணலாம்

பிரவீன், 8:58
சுத்துது!! மோட்டரு, ஃபியூசு எல்லாம் ஓக்கே

சேகர் மாமா, 9:02
புதுப்பேட்டைக்கு போ. மூடி மேல பிரஷரு 1.1னு போட்டிருக்கும், அதே நம்பர் புதுசா வாங்கு. பழசு குடுப்பானுங்க, 50 ரூபா கம்மின்னு வாங்கினு வராத. வெறும் தண்ணிக்கு பதிலா ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட்டும் வாங்கு. பாட்டில்ல அப்பிடியே ஊத்துன்னு போட்டிருந்தா ஒண்ணும் கலக்காத. கெட்டியா கலக்கறதுன்னா பாதிக்கு பாதி டிஸ்டில்டு வாட்டர். கேன் தண்ணியும் வேணாம்

சேகர் மாமா, 9:03
எறக்கற பழைய தண்ணிய டப்பால புடி. தரைல விடாத. கூலன்ட்டு இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கினா கிட்னி போயிடும்

அம்மா, 9:05
மாடிப்படி கீழ குட்டி போட்டு கீது. ஒரு சொட்டு சிந்தினாலும் நீதான் தொடைக்கணும் சொல்லிட்டேன்

பிரவீன், மதியம் 3:20
டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஓடவிட்டு, ஆற வெச்சு எறக்கினேன். ரெண்டு வாட்டி டீ கலரு, அப்புறம் தெளிஞ்சிடுச்சு. இப்ப கூலன்ட் ஊத்தி மூடிய தொறந்து வெச்சு ஐடில்ல விட்டு கீறேன். முட்டை முட்டையா வருது மாமா. கேஸ்கட்டா? 😰

சேகர் மாமா, 3:22
பயப்படாத. உள்ள மாட்டினு கீற காத்து வெளிய வருது. மேல் ஹோஸ லேசா அமுக்கி விடு, லெவல் எறங்க எறங்க ஊத்து. கொஞ்ச நேரத்துல நிக்கும். கேஸ்கட் போயிருந்தா நிக்கவே நிக்காது, ரேஸ் பண்ணா இன்னும் பொங்கும். இன்ஜின் ஆயில் எப்பிடி கீது?

பிரவீன், 3:37
முட்டை நின்னுடுச்சு. ஆயில் கருப்பாதான் கீது, பால் கலந்த மாதிரி இல்ல. சைலன்சர்ல வெள்ளப் பொகையும் இல்ல

சேகர் மாமா, 3:38
அப்ப 8000 மிச்சம். மூடிய போட்டு வாசல்லயே ஓடவிடு

பிரவீன், 3:52
ஃபேன் ஓடிச்சு மாமா!!! தானா நின்னுது, திரும்ப ஓடிச்சு. லைட் வரல
🎥 காணொளி

பாபு சித்தப்பா, 3:55
சத்தம் மிக்ஸி மாதிரி கீது

சேகர் மாமா, 3:57
டேங்குல மார்க்கரால ரெண்டு கோடு போடு. இப்ப சூட்டுல எங்க கீதோ அங்க ஒண்ணு, நாளைக்கு காலைல எங்க கீதோ அங்க ஒண்ணு. எறங்கி இருந்தா புது மூடி உறியுதுன்னு அர்த்தம்

ஞாயிறு

பிரவீன், காலை 7:10
ஒரு வெரக்கடை எறங்கி கீது. ரேடியேட்டர் கழுத்து வரைக்கும் ஃபுல்லு

சேகர் மாமா, 7:12
👍 அடுத்த வாரமும் ஒரு தடவ காலைல தொறந்து பாரு. அப்பவும் கொறஞ்சா பம்புக்கு அடில சின்ன ஓட்டை கீதே, அங்க ஈரம் கீதான்னு பாரு. இருந்தா பம்பு சீலு

கலா அக்கா, 7:15
அப்ப இன்னிக்கு என்ன ஸ்டான்லி ஆஸ்பத்திரில எறக்கி விடு. 8 மணி டூட்டி

பிரவீன், 7:15
கேட்டு வழியா போவலாமா, டெஸ்ட்டு பண்ணா மாதிரியும் இருக்கும்

கலா அக்கா, 7:16
அடி வாங்குவ